சனிக்கு வளையமே தெரியவில்லை: டெலஸ்கோப் பழுதா, என் கண் பழுதா?

வள்ளியூர்க்காரன் | ஜனவரி 17, 2026

எல்லாருக்கும் வணக்கம். வள்ளியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வானியலில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதை டிவியில் பார்த்தாளே, அன்றைக்குப் பிடித்தது. அரையாண்டு விடுமுறையில் ஒரே நச்சரிப்பு. சரி என்று ஒரு டெலஸ்கோப் வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி 76 மி.மீ., குழாய் 700 மி.மீ. என்று போட்டிருக்கிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "525 மடங்கு".

அந்த 525-ஐ வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஆடுகிறது, அவ்வளவுதான். நிலா மட்டும் ஓரளவு தெரிந்தது, அதுவும் தலைகீழாக.

என் கேள்வி சனியைப் பற்றி. போன வாரம் செல்போன் ஆப் காட்டிய திசையில், ராத்திரி ஏழரை மணிக்கு மேற்கே தேடிப் பிடித்தோம். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, எலுமிச்சம்பழத்துல ஊசி குத்தி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். நான் பார்த்தேன், மஞ்சளாக ஒரு புள்ளி. வளையம் எங்கே? "ஒழுங்கா ஃபோகஸ் பண்ணு, பாடப் புத்தகத்துல படம் எப்படி இருக்குன்னு பார்" என்று கொஞ்சம் அதட்டிவிட்டேன். அவள் நோட்டில் ஊசி குத்திய எலுமிச்சம்பழத்தையே வரைந்து வைத்துவிட்டு, அப்புறம் மாடிக்கு வரவே இல்லை. விற்ற கடையில் கேட்டால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள்.

டெலஸ்கோப் பழுதா? இல்லை, நாங்கள் ஆரம்பித்ததே தப்பா? எங்கிருந்து ஆரம்பிப்பது?


கண்ணாடிப்பிரியன்

76 மி.மீ. எல்லாம் பொம்மை சார். அதை ஓரமாக வைத்துவிட்டு 10 இன்ச் கண்ணாடி போட்ட டாப்சோனியன் டெலஸ்கோப் ஒன்று எடுங்கள். ஆப் எல்லாத்தையும் காட்டிவிடும், கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.


ஆலங்காயம் டீச்சர்

தம்பி, முதல் வேலையாக மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். டெலஸ்கோப் பழுதில்லை, பாப்பா கண்ணும் பழுதில்லை. அவள் வரைந்ததுதான் சரி. இந்த ஜனவரியில் சனி அப்படித்தான் இருக்கிறது.

வீட்டில் ஒரு அப்பளம் இருந்தால் எடுங்கள். முகத்துக்கு நேராக, தட்டையாகப் பிடித்துப் பாருங்கள், வட்டம். மெல்லச் சாய்த்தால் நீள்வட்டம். கண் மட்டத்தில் படுக்கவைத்தால் வெறும் கோடு. சனியின் வளையமும் அப்படித்தான். குறுக்கே ஏறக்குறைய 2,70,000 கி.மீ. விரிந்த அந்த வளையத்தின் தடிமன் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். உங்கள் ஊர்க் கோயில் கோபுர உயரம்கூட வருமா என்பது சந்தேகம். சனி சூரியனைச் சுற்றிவர இருபத்தொன்பதரை வருடம் ஆகிறது. தன் சாய்வை மாற்றாமல் சுற்றுவதால், ஒரு சுற்றில் இரண்டு தடவை வளையத்தின் விளிம்பு நமக்கு நேராக வந்துவிடும். கடைசியாக அப்படி வந்தது 2025 மார்ச் 23. இப்போது ஓரிரு பாகை சாய்ந்திருக்கிறது. அதனால்தான் ஊசி. முழுக்கச் சாயும்போது 27 பாகை வரை போகும், பாடப் புத்தகத்துப் படமெல்லாம் அந்தச் சமயத்தில் எடுத்தது. 2032 வாக்கில் மறுபடி அப்படி அகலமாகத் திறந்திருக்கும், பாப்பா அப்போது கல்லூரியில் இருப்பாள்.

இதில் பாப்பாவுக்குப் பெரிய துணை ஒருவர் இருக்கிறார். கலிலியோ 1610-இல் சனியைப் பார்த்தபோது, நடுவில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று உருண்டை என்று நினைத்தார். 1612-இல் மறுபடி பார்த்தால் பக்கத்து உருண்டைகளைக் காணோம்! சனி தன் பிள்ளைகளை விழுங்கிவிட்டதா என்று கடிதத்தில் புலம்பினார். அவருக்கும் இதே விளிம்பு விவகாரம்தான். அது வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் 1659-இல் புத்தகம் போட்டுச் சொல்லும் வரை யாருக்கும் சரியாக விளங்கவில்லை. கலிலியோவிடம் பாடப் புத்தகப் படம் இல்லை. அதனால் கண்ணால் கண்டதை வரைந்தார். உங்கள் மகள் புத்தகம் கையில் இருந்தும் கண்டதைத்தான் வரைந்திருக்கிறாள். முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். ஆய்வக நோட்டில், வர வேண்டிய விடையை முதலில் எழுதிவிட்டு அளவுகளைப் பின்னால் இட்டுக்கட்டும் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நானும் ஏமாந்திருக்கிறேன், தம்பி. 1986-இல் ஹாலி வால்மீன் வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. காலண்டர் படத்தில் பாதி வானத்துக்கு வால் நீட்டிய அதை எதிர்பார்த்து, விடிகாலையில் அண்ணன் சைக்கிளில் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போனேன். சுண்ணாம்பு விரலைச் சுவரில் துடைத்த மாதிரி ஒரு தீற்று. அழுகையே வந்தது. அந்தத் தீற்று மறுபடி வர 2061 ஆகும். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, உங்கள் 525-க்கு வருவோம். கண்ணாடியின் குவியத் தூரத்தை, அதாவது அந்த 700-ஐ, ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸில்) எழுதியிருக்கும் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். உங்களுக்கு 20, 12.5, 4 என்று மூன்று ஐபீஸ் வந்திருக்கும். 20 போட்டால் 35 மடங்கு, 12.5 போட்டால் 56, 4 போட்டால் 175. அதோடு மூன்று மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸைச் சொருகினால் 525. பெட்டியில் போட்டது கணக்குப்படி பொய்யில்லை, ஆனால் உதவாது. ஒரு டெலஸ்கோப் உருப்படியாகக் காட்டுவது, கண்ணாடியின் விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து இரண்டால் பெருக்கினால் வரும் அளவு வரைதான். உங்களுடையதுக்கு 150. அதற்கு மேல் போனால், ஒரு கரண்டி மாவைத் தோசைக்கல் முழுக்க இழுத்த கதை. இருக்கிற வெளிச்சம்தானே பரவ வேண்டும்? பார்லோவையும் 4-ஐயும் பெட்டியிலேயே வையுங்கள். எப்போதும் 20-இல் தொடங்குங்கள், பொருள் நடுவில் வந்த பிறகு 12.5.

குழாயின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் ஃபைண்டரைப் பகலில் சரிசெய்யுங்கள். தூரத்துச் செல்போன் டவர் உச்சியைப் பெரிய குழாயில் நடுவில் கொண்டுவந்து, அதே உச்சி ஃபைண்டரிலும் நடுவில் வரும்வரை திருகுகளைத் திருப்புங்கள். ராத்திரி இருட்டில் இதைச் செய்யப் போய்த்தான் பாதிப் பேர் டெலஸ்கோப்பைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஸ்டாண்டு ஆடும். ஹார்டுவேர் கடைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மூன்று கால்களுக்கு நடுவில் ஒரு பையில் ஐந்து கிலோ ஆணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். மொட்டைமாடி காங்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி கக்கும், படம் கானல் மாதிரி நெளியும். சனி சீக்கிரம் மறைந்துவிடும் என்பதால் அதற்கு வேறு வழியில்லை, மற்றதை ஒன்பது மணிக்கு மேல் பாருங்கள். தலைகீழாகத் தெரிவது கோளாறில்லை. இந்த வகை அப்படித்தான் காட்டும். வானத்தில் மேலேது கீழேது!

ஒன்றை மட்டும் அதட்டியே சொல்வேன். சூரியன் பக்கம் அந்தக் குழாயைத் திருப்பவே கூடாது. ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஏதாவது கூடவே வந்திருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். சூட்டில் அது வெடிக்கும், அடுத்த நொடி கண் போகும். பாப்பா தனியாகப் பகலில் எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்வி. டெலஸ்கோப் இல்லாமல் ஆரம்பியுங்கள். நாளைக்குத் தை அமாவாசை, வானம் நன்றாக இருட்டியிருக்கும். வீட்டில் ஆச்சி இருந்தால் அவரையும் மாடிக்குக் கூட்டிப் போங்கள். இரவு எட்டு மணிக்கு உச்சந்தலைக்குப் பக்கத்தில் சின்னக் கொத்தாக இருப்பது கார்த்திகை. பாப்பாவுக்கு ஆறு தெரிகிறதா, ஏழு தெரிகிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். அதற்குக் கிழக்கே சிவப்பாக ரோகிணி. இன்னும் கிழக்கே, ஒரே வரிசையில் மூன்று விண்மீன் நிற்கும், அதற்கு ஒரு பக்கம் செம்மையாக மின்னுவது திருவாதிரை. கிழக்கு வானத்தில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற வெளிச்சத்தோடு இருப்பது வியாழன், அது இருக்கும் இடம் புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களுக்குப் பக்கத்தில். ஜாதகக் கட்டத்தில் கேட்ட பெயர்கள்தான். அவை வானத்தில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குக் கை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாது. தெற்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே ஒற்றையாகப் பளிச்சென்று நிற்பது அகத்தியர் விண்மீன். பொதிகை இருக்கும் பக்கத்து ஆட்களுக்கு அதைக் காட்டித்தர வேண்டியதில்லை! வடக்கிலே இருப்பவர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். உங்களுக்குத்தான் நல்ல காட்சி. பதிலுக்கு துருவ விண்மீன் உங்கள் ஊரில் அடிவானத்திலிருந்து எட்டு பாகைதான், பனைமரம் மறைத்துவிடும்.

அதன் பிறகு டெலஸ்கோப். அந்த மூன்று விண்மீன் வரிசைக்குக் கீழே தொங்கும் மங்கலான கூட்டத்தில் 20 ஐபீஸை வையுங்கள். புகை மாதிரி ஒன்று தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. அந்தப் புகையிலிருந்து இப்போதும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அந்த வெளிச்சம் கிளம்பி ஏறக்குறைய 1,300 வருடம் ஆகிறது. சோழர் எழுச்சிக்கு முன்னால் புறப்பட்டது இன்றைக்குத்தான் உங்கள் மாடிக்கு வந்து சேர்கிறது. நிறமெல்லாம் தெரியாது, சாம்பல்தான். வண்ணப் படங்கள் நெடுநேரம் ஒளி வாங்கி எடுத்தவை, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வியாழனைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இந்த மாதம் 10-ஆம் தேதி அது சூரியனுக்கு நேர் எதிரே வந்தது, ராத்திரி முழுக்க வானத்தில் இருக்கிறது. 35 மடங்கில் அதன் பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு புள்ளி வரை தெரியும். அவை நிலாக்கள். தினமும் அதே நேரத்துக்கு ஒரு வட்டமும் புள்ளிகளும் மட்டும் பாப்பா நோட்டில் வரையட்டும், தேதி போட மறக்கக் கூடாது. அவற்றில் உள்ளே இருக்கும் அயோ என்ற நிலா 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும், அதனால் இரண்டு நாள் படம் ஒன்றாக இருக்காது. கலிலியோ 1610 ஜனவரி 7-இல் தொடங்கிச் செய்ததும் இதேதான். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகிறது என்ற பேச்சு அந்த நோட்டில்தான் முதலில் உதை வாங்கியது.

நிலாவுக்கு 26-ஆம் தேதி வரை பொறுங்கள், அன்றைக்கு அரைநிலா. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள், பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். பௌர்ணமி நிலா பார்க்க அழகு, டெலஸ்கோப்புக்கு மோசம், நிழலே இருக்காது. 23 வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிறைக்குப் பக்கத்திலேயே சனி இருக்கும், அன்றைக்கு உங்களுக்கு ஆப்பே வேண்டாம்.

கண்ணாடிப்பிரியன் தம்பிக்கு: 10 இன்ச் நல்ல பொருள்தான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் அதைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோக முடியாது.

ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தால் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குப் பாப்பாவைக் கூட்டி வாருங்கள். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவார்கள், நேரத்தை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். 1986-இலிருந்து இயங்கும் 2.34 மீட்டர் கண்ணாடி இருக்கிறது. எனக்கு அதைவிட, அங்கிருக்கும் பழைய ஒரு மீட்டர் தொலைநோக்கியைத்தான் பிடிக்கும். 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்த இரவு, அந்த விண்மீனின் ஒளி சில நொடி மங்கி மீண்டதை அதில் பதிவு செய்தார்கள். பறக்கும் விமானத்திலிருந்து அமெரிக்கர்கள் பதிவு செய்ததும் அதே இரவில்தான். யுரேனஸுக்கு வளையம் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. வளையம் தெரியாத சனியைப் பார்த்த பிள்ளைக்கு இந்தக் கதை பிடிக்கும்.


மட்டு வாசகி

டீச்சர் எழுதினதை அச்சடித்து வைக்க வேண்டும் போல இருக்கு. நான் மட்டக்களப்பு. என்னிடம் டெலஸ்கோப் இல்லை, இருந்ததும் இல்லை. 2022-இல் இங்கே நாளுக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாத காலம் இருந்ததே, அப்ப வீட்டுக்குள்ள புழுக்கம் தாங்காமல் முற்றத்தில் பாய் போட்டுப் படுப்போம். ஊர் முழுக்க இருட்டு. அம்மம்மா ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தா. ஒரு மாதத்தில் நான் வானத்தைப் படித்துவிட்டேன். அந்தக் கஷ்டம் திரும்ப வேண்டாம், ஆனால் அந்த வானத்தை அதுக்குப் பிறகு நான் காணவில்லை.

அண்ணா, ஒன்றே ஒன்று. மாடியில் வெளிச்சத்தை நிற்பாட்டிவிட்டு இருபது நிமிடமாவது சும்மா இருங்கோ. கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் எடுக்கும். நடுவில் ஒருக்கா போனைப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து. போன் கட்டாயம் வேணும் என்றால் திரையில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கோ.


பணகுடிப் பையன்

அண்ணாச்சி, நம்ம ஊர்ப்பக்கம்! டீச்சர் விண்மீனைப் பார்த்துக்கொண்டார், நான் ராக்கெட் பக்கம் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மகளுக்குச் சந்திரயான்தான் ஆரம்பம் என்றால், வீட்டிலிருந்து மகேந்திரகிரி மலையைக் காட்டுங்கள். சந்திரயான்-3-ஐத் தூக்கிப் போன எல்விஎம்-3 ராக்கெட்டின் விகாஸ் இன்ஜினும், மேலே இருக்கும் கிரையோஜெனிக் இன்ஜினும் அந்த அடிவாரத்து இஸ்ரோ வளாகத்தில்தான் சோதிக்கப்படுகின்றன. நான் பள்ளிக்கூடம் போன நாளில் மலைப்பக்கம் உறுமல் கேட்டால், மழை வருது என்று பாட்டி வடகத்தை எடுக்க ஓடுவார்.

விண்வெளி நிலையம் ஏன் கீழே விழவில்லை என்று கண்டிப்பாகக் கேட்பாள். அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. கல்லை மெதுவாக எறிந்தால் வாசலில் விழும், வேகமாக எறிந்தால் தெருக்கோடியில் விழும். நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் வேகம் கொடுத்தால், அது விழுகிற வளைவும் பூமி வளைகிற வளைவும் ஒன்றாகிவிடும், தரையைத் தொடவே தொடாது. ராக்கெட்டின் பெரும்பாடு உயரத்துக்கு இல்லை, இந்தப் பக்கவாட்டு வேகத்துக்குத்தான். 400 கி.மீ. உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. போன வருடம் சுபான்ஷு சுக்லா போய்த் தங்கியது இதில்தான். சாயங்காலம் இருட்டின பிறகு சிமிட்டாமல், சத்தமில்லாமல் நகர்ந்து போகும் வெளிச்சம் தெரிந்தால் அதுவாக இருக்கலாம், சிமிட்டினால் விமானம். எந்த நாளில் உங்கள் ஊருக்கு மேலே போகும் என்று நாசா தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்களே, அந்த ஏவுதளம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் வழியில் இலங்கை. அதனால் துருவப் பாதைக்கு, அதாவது வடதுருவம் தென்துருவம் வழியாகச் சுற்றும் பாதைக்குப் போகும் ராக்கெட் கிழக்கே போய் வளைந்து திரும்ப வேண்டும், அந்தத் திருப்பத்தில் எரிபொருள் போகிறது. சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து தெற்கே கடல்தான். மகளிடம் ஒரு உலக உருண்டையைக் கொடுத்து நூலை வைத்து அளக்கச் சொல்லுங்கள், அவளே கண்டுபிடித்துவிடுவாள்.


வள்ளியூர்க்காரன் | ஜனவரி 28

எல்லாருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

டீச்சர் பதிலை மகளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். அப்பளம் வைத்துச் செய்தும் காட்டினேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை, அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி மாடிக்கு வந்துவிட்டாள். ஆச்சியும் வந்தாள். கார்த்திகையில் மகள் ஏழு எண்ணினாள், நான் ஐந்து. ஆச்சி கண்புரை ஆபரேஷன் பண்ணின கண்ணால் ஆறு என்று அடித்துச் சொன்னாள், எண்ணினாளோ, ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னாளோ!

ஐந்து கிலோ ஆணி நன்றாக வேலை செய்கிறது. எதிர்வீட்டு எல்இடி தெருவிளக்குதான் பெரிய தொல்லை, கடையில் கிடந்த தார்ப்பாயைக் கம்பியில் கட்டி மறைத்திருக்கிறோம். 23-ஆம் தேதி பிறைக்குப் பக்கத்தில் சனியைப் பிடித்தோம். 12.5 போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இப்போது எனக்கும் ஊசி தெரிகிறது. அரைநிலாவில் பள்ளங்களைப் பார்த்தபோது, பக்கத்துவீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். 525-ஐத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாயிற்று.

ஒரு சந்தேகம் டீச்சர். வியாழன் நோட்டில் எட்டு நாள் படம் சேர்ந்திருக்கிறது. ஏழு நாளும் நான்கு புள்ளி. நேற்று மூன்றுதான். நான் எத்தனை திருகினாலும் நான்காவது வரவில்லை. ஃபோகஸ் சரியில்லை என்று நினைத்தேன், இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. மகள் மூன்றுதான் வரைந்திருக்கிறாள்.


ஆலங்காயம் டீச்சர்

மூன்று என்றால் மூன்றுதான். ஒன்று வியாழனுக்குப் பின்னால் போயிருக்கும், இல்லையென்றால் முன்னால் வந்து அதன் வெளிச்சத்தில் கரைந்திருக்கும், நிழலுக்குள் மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எது என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு நாள் படத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, புள்ளிகளைப் பென்சிலால் சேர்க்கச் சொல்லுங்கள். காணாமல் போனது எதுவென்று வரும். இன்றைக்கு எட்டு மணிக்கு ஒரு படம், பத்து மணிக்கு ஒரு படம், இரண்டும் வேண்டும். நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பத்தேகாலுக்குத் தூங்கப் போய்விட வேண்டும்.